லத்தீனோ நாவல்கள்: எங்கிருந்து தொடங்குவது?

நண்பர்களே, லத்தீனோ இலக்கியத்தை லத்தீன் அமெரிக்க இலக்கியத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ, கியூபா, டொமினிகன், போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினரின் எழுத்து. பெரும்பாலும் ஆங்கிலம், ஆனால் தோமாஸ் ரிவேரா என்ற எழுத்தாளர் 1971இல் வந்த தன் நாவலை ஸ்பானிய மொழியிலேயே எழுதினார்.

முதலில் சான்ட்ரா சிஸ்னெரோஸின் 'தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்' (1984). சிகாகோ தெரு, 44 குட்டி அத்தியாயங்கள். நாளுக்கு நாலு வீதம் 11 நாளில் முடிந்துவிடும். வேகமாகப் புரட்டினால் கதையே இல்லாததுபோலத் தோன்றும். உரையாடலுக்கு மேற்கோள் குறியே கிடையாது, அதனால் பேசுவது யாரென்று தடுமாறுவீர்கள். வாய்விட்டுப் படியுங்கள், குரல் பிரிந்து கேட்கும். அருமையான நடை!

அடுத்தது ஜூலியா அல்வாரெஸின் கார்சியா சகோதரிகள் நாவல் (1991). கதை 1989இலிருந்து 1956க்குப் பின்னோக்கி நகரும். நாலு சகோதரிகளின் பெயரையும் ஆண்டுகளையும் தாளில் குறித்துக்கொண்டே படியுங்கள்.