நாகசுரக்கார நண்பனுக்கு

கொழிஞ்சாம்பாறை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்றும், தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்து கோயிலுக்கு நடந்தே போய் வருகிறாள் என்றும் எழுதியிருந்ததைப் படித்து மனம் நிறைந்தது. இங்கே ஆழியாற்றுத் தண்ணீர் காலத்தோடு வந்துவிட்டதால் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் நடவு முடிந்துவிட்டது. கணவாய்க் காற்று மட்டும் இரவெல்லாம் பனைகளை உலுக்கிக்கொண்டிருக்கிறது. மைக்செட் கடையை இப்போது மகனே முழுவதுமாகப் பார்த்துக்கொள்கிறான். ஆகையால் பாட்டுக் கேட்க எனக்கு நேரம் இருக்கிறது. உன் கேள்விக்கு நிதானமாகப் பதில் எழுதவும் முடிகிறது.

கொச்சியிலிருந்து வந்த அந்தத் தம்பி, தான் கணினியில் உருவாக்கும் மின்னணு இசையோடு உன் நாகசுரத்தையும் சேர்த்து, இருவர் பெயரிலும் ஒரு முழு ஆல்பம் செய்யலாம் என்று கேட்டிருக்கிறான். ஒப்புக்கொள்ளலாமா, அது நம் வித்தைக்குக் குறைவாகிவிடுமா என்று நீ கேட்கிறாய். ஒப்புக்கொள் என்பதுதான் என் பதில். ஆனால் யார் முதலில் வாசிப்பது, யார் யாருக்காகக் காத்திருப்பது என்பதை அவனிடம் பேசித் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகு ஒப்புக்கொள். நான் இப்படிச் சொல்வதற்குக் காரணம் ‘பிராமிசஸ்’ என்ற ஆல்பம். மகன் வாங்கிக் கொடுத்த ஹெட்போனில் அதைத்தான் இப்போது அதிகம் கேட்கிறேன்.

அது 2021 மார்ச் 26 அன்று வெளிவந்தது. அதைச் செய்தவர் ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ் என்ற பெயரில் இயங்கும் சாம் ஷெப்பர்ட். மான்செஸ்டர்க்காரர், சிறு வயதில் முறைப்படி இசை கற்றவர், பிறகு லண்டனில் நரம்பியலில் முனைவர் பட்டமும் பெற்றவர். அவரோடு சேர்ந்து வாசித்தவர் அமெரிக்க ஜாஸ் இசையின் மூத்த சாக்ஸபோன் கலைஞரான ஃபேரோ சாண்டர்ஸ். 1940இல் அர்க்கன்சாஸ் மாநிலத்து லிட்டில் ராக்கில் பிறந்து, 1965 முதல் ஜான் கோல்ட்ரேனின் குழுவில் வாசித்து, சாக்ஸபோனை அலறவும் கதறவும் வைத்தவர் என்று பெயர் பெற்றவர் அவர். ஷெப்பர்ட் 2015இல் வெளியிட்ட ஆல்பத்தைக் கேட்டுப் பிடித்துப்போய், இவரோடு சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று விரும்பியவர் பெரியவர்தான். இளையவரின் இசையில் தனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று அவர் காதுக்குப் பட்டிருக்கிறது. உன் விஷயத்திலும் முதலில் நீ செய்ய வேண்டியது அதுதான்: அந்தத் தம்பி இதுவரை செய்தவற்றை வாங்கி, முழுவதுமாகக் கேட்டுப் பார்.

ஆல்பம் முழுவதும் ஒரே உருப்படி. ஒன்பது பகுதிகளாக 46 நிமிடம் ஓடுகிறது. ஏழு சுரங்கள் கொண்ட ஒரு சிறு வரி; ஹார்ப்சிகார்டு, பியானோ, செலஸ்டா என்று விசைப்பலகைக் கருவிகள் கலந்து அதை மெல்ல வாசித்துவிட்டு நிறுத்துகின்றன. சற்று இடைவெளி விட்டு அதே வரி மறுபடியும் வருகிறது. ஏறக்குறைய ஆல்பம் நெடுகிலும் அந்த வரி மாறாமல் வந்துகொண்டே இருக்க, அந்த இடைவெளிகளில்தான் சாண்டர்ஸ் தன் மூச்சை விடுகிறார். தாளக்கருவி ஒன்றுகூடக் கிடையாது. உங்கள் ஜமாவில் ஒத்துக்காரர் மூச்சு மாற்றுவதுகூடத் தெரியாமல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் மேல் நீ தோடியை விரிப்பாயே, அந்த ஒத்துக்காரரின் இடத்தில்தான் இந்த ஆல்பத்தில் ஷெப்பர்ட் தன்னை வைத்துக்கொள்கிறார். கருவிகள் அத்தனையும் அவர் கையில் இருக்கின்றன. நினைத்தால் எந்த நொடியிலும் எந்த ஒலியையும் நுழைக்கலாம். ஆனாலும் அந்த ஏழு சுரங்களைப் பிடித்துக்கொண்டு பெரியவருக்காகக் காத்திருக்கிறார். மின்னணு இசைக்காரர்களில் பலரிடம் நான் கேட்டிராத பொறுமை அது.

நான்காம் பகுதியை நீ அவசியம் கேட்க வேண்டும். அங்கே சாண்டர்ஸ் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்துவிட்டு, சொல் எதுவும் இல்லாமல் குரலாலேயே முணுமுணுக்கிறார். உன் அப்பா, கச்சேரிக்கு முன் நாகசுரத்தில் வைத்து ஊதும் சீவாளியை நனைத்துக்கொண்டே ராகத்தைத் தொண்டைக்குள் பாடிப் பார்ப்பார் அல்லவா, அந்தக் குரலைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அங்கேதான் மறுபடி கேட்டேன். வேறொரு புரொடியூசராக இருந்திருந்தால், இது தவறிப் பதிவான சத்தம் என்று வெட்டியிருப்பார். ஷெப்பர்ட் வெட்டவில்லை; அந்த முணுமுணுப்பைச் சுற்றியிருந்த ஒலிகளை விலக்கி அதற்கு வழி விட்டிருக்கிறார்.

வேலை நடந்த வரிசையையும் கவனி. சாண்டர்ஸ் வாசித்தது 2019 கோடையில், லாஸ் ஏஞ்சலிஸில். லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் தந்திக்கருவிகள் பதிவானது அடுத்த ஆண்டு, லண்டனில். அவற்றுக்கான இசையை எழுதியவரும் ஷெப்பர்ட்தான். அதாவது, ஆர்கெஸ்ட்ரா முழுவதையும் கட்டி முடித்துவிட்டு, இங்கே கொஞ்சம் சாக்ஸபோன் தூவுங்கள் என்று அவர் பெரியவரை அழைக்கவில்லை. பெரியவர் ஊதியதைக் கேட்ட பிறகுதான் தந்திகளை எங்கே எழுப்புவது, எங்கே அடக்குவது என்று முடிவாகியிருக்கிறது. ஆறாம் பகுதியில் அந்தத் தந்திகள் மெதுவாக ஏறி ஏறி ஒரு பெரும் எழுச்சியாக நிற்கும்போது, இத்தனை நேரம் அவை அடங்கியிருந்ததன் காரணம் புரிகிறது. இதனால்தான் சொல்கிறேன்: நீ முதலில் ஊது, அவன் பிறகு கட்டட்டும். முடித்து வைத்த பாட்டில் உனக்கென்று எட்டு ஆவர்த்தனம் ஒதுக்கி, அதற்குள் மங்கலமாக ஏதாவது வாசியுங்கள் என்று சொன்னால், அது கூட்டு ஆகாது. உன்னைக் கல்யாண வீட்டு அடையாளமாக வைத்துக்கொள்வது ஆகும். அதற்கு நீ சம்மதிக்காதே.

இதற்கு நேர் எதிரான வழியும் ஒன்று உண்டு. அதிலும் அழகு இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. பிரையன் ஈனோ, டேவிட் பைர்ன் என்ற இரண்டு மேற்கத்திய இசைக்கலைஞர்கள் சேர்ந்து 1981இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். அதில் பாடகர் என்று யாரும் வந்து பாடவில்லை. வானொலிப் பிரசங்கிகள், லெபனான் பாடகி ஒருவர் என்று வானொலியிலிருந்தும் பழைய இசைத்தட்டுகளிலிருந்தும் எடுத்த குரல்களைத் தங்கள் தாளத்தின் மேல் பொருத்தினார்கள். பின்னால் வந்த எத்தனையோ பேருக்கு வழிகாட்டிய முயற்சி அது, கேட்கவும் சிலிர்க்கிறது. ஆனால் குரலுக்கு உரியவர் அந்த அறையில் இல்லை. தன் குரல் எதன் மேல் வைக்கப்படுகிறது என்பதைத் தீர்மானித்ததில் அவருக்குப் பங்கும் இல்லை. திருக்குர்ஆன் ஓதும் குரலைப் பயன்படுத்திய ஒரு பகுதி, எதிர்ப்பு வந்த பிறகு, பிந்தைய பதிப்புகளில் நீக்கப்பட்டது. அதே பைர்ன் பிற்பாடு தொடங்கிய லுவாகா பாப் நிறுவனம்தான் ‘பிராமிசஸ்’ ஆல்பத்தை வெளியிட்டது. எடுத்துப் பொருத்துவதிலிருந்து எதிரே உட்கார வைத்துக் கேட்பது வரை அந்த நாற்பது ஆண்டுகளில் இந்தத் துறை நடந்து வந்திருக்கிறது என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

இனி, வேலைக்கு உதவும் சில விஷயங்கள். கணினிக்காரர்கள் பெரும்பாலும் காதில் டிக் டிக் என்று ஓடும் கிளிக் ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் வாசிக்கச் சொல்வார்கள். கீர்த்தனைக்கும் தவில் சேரும் பகுதிக்கும் வேண்டுமானால் அதை ஏற்றுக்கொள். ஆலாபனைக்கு வேண்டவே வேண்டாம். சுருதியும் அப்படியே. உன் பாரி நாகசுரம் பேசும் சுருதிக்கு அவனுடைய கருவிகளை இறக்கவோ ஏற்றவோ அவனால் ஒரு நொடியில் முடியும். பிறந்த நாளிலிருந்தே அந்தச் சுருதியில் நிற்கும் உன் நாகசுரத்தின் ஆச்சா மரத்தை உன்னால் மாற்ற முடியாது. ஆகையால் அவன் உன்னிடம் வரட்டும். கமகத்தைத் திருத்துகிறேன் என்று பன்னிரண்டு சுரங்களுக்குள் இழுத்து நிறுத்தும் மென்பொருளை உன் பதிவின் மேல் போடக் கூடாது என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடு.

மைக் வைப்பதில் என் அனுபவத்தைக் கேள். திருவிழாக்களில் நாங்கள் நாகசுரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணசுக்கு நேரே மைக்கை நிறுத்துவது கூட்டத்தின் இரைச்சலுக்காகத்தான். பதிவறையில் அப்படி வைத்தால் காது கிழியும். அடித்துளைகளின் சுரம் மட்டும் முன்னால் வந்து, மேல் துளைகளில் நீ செய்யும் நுட்பமெல்லாம் மங்கிப்போகும். நாலைந்து முழம் தள்ளி, உன் முகத்தின் உயரத்தில் ஒன்று, அறையின் கோடியில் இன்னொன்று என்று வைக்கச் சொல். முடிந்தால் பதிவறையே வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கத்தில் கல்மண்டபம் உள்ள கோயில் ஒன்றில் அனுமதி வாங்கி, உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்திய பிறகு பதிவு செய்யுங்கள். நாகசுரம் கல்லில் பட்டுத் திரும்பி வந்தால்தான் நாகசுரமாக இருக்கிறது.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதே. நிகழ்த்துபவருக்கென்று தனி உரிமையை 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் விரிவாகச் சேர்த்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் 38ஏ பிரிவின் வழியாக, உன் வாசிப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் உனக்கு ராயல்டி உண்டு என்று சொல்கிறது; 38பி பிரிவு, வாசித்தவன் நீ என்று உன் பெயரைக் கேட்கவும், உன் மதிப்புக்குக் கேடு வரும்படி வாசிப்பைச் சிதைத்தால் தடுக்கவும் உரிமை தருகிறது. நிகழ்த்துபவருக்கான உரிமை 50 ஆண்டுகள் நிற்கும். நம் நாகசுர வித்துவான்களில் எத்தனை பேர் ஒருமுறை கைக்கு வந்த தொகையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சாண்டர்ஸ் 2022 செப்டம்பரில் காலமானார். மறு ஆண்டு அமெரிக்காவில் ஹாலிவுட் பவுல் என்ற திறந்தவெளி அரங்கில் ‘பிராமிசஸ்’ இசையை மேடையில் நிகழ்த்தியபோது அவர் இடத்தில் ஷபாகா ஹட்சிங்ஸ் என்ற சாக்ஸபோன் கலைஞர் வாசித்தார். பெரியவரின் மூச்சுக்கென்றே விட்டுவைத்த இடைவெளிகளில் இன்னொருவரும் நின்று வாசிக்க முடிந்திருக்கிறது. உன் மகன் நாகசுரத்தைத் தொடாமல் வங்கி வேலைக்குப் போய்விட்டான் என்று வருந்துகிறாய். நீ அந்தத் தம்பியோடு செய்யும் ஆல்பத்தைக் கேட்டு எங்கோ ஒரு பிள்ளை சீவாளியைக் கையில் எடுக்கலாம் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

அவன் ஒப்பந்தம் என்று ஏதாவது காகிதம் கொடுத்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்பு. சித்தூர் நீதிமன்றத்தில் எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் காட்டுகிறேன். பதிவுக்கு நாள் குறித்தால் உடனே எழுது. மைக்குகளை நானே எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி வழியாக வந்துவிடுகிறேன். தங்கச்சிக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய தோழன்