கூட இருப்பவருக்குச் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் தாயாருக்கு 81 வயது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. "அம்மாவை நாங்க வீட்டுலயே வச்சுப் பார்த்துக்கிறோம்" என்று பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த 'நாங்க'வில் நான் இல்லை, என் மனைவி மட்டும்தான் இருந்தார் என்பது போன மாதம்தான் எனக்கு உறைத்தது.

மனைவிக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரத்துக்குப் பளு எதுவும் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அம்மாவின் வேலைகளை நான் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் காலை, உட்கார வைப்பதற்காக அம்மாவின் வலது கையைப் பிடித்து இழுத்தேன். அவர் போட்ட சத்தத்தில், அடுத்த அறையில் படுத்திருந்த மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "அந்தக் கையை இழுக்காதீங்க. முதுகுக்கு அடியில கையைக் கொடுத்து, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, அப்புறம் எழுப்புங்க" என்றார். வாதம் தாக்கிய பக்கத்தில் தோள்மூட்டைத் தாங்கும் தசைகளுக்கு வலு இருக்காதாம். இழுத்தால் மூட்டு விலகிவிடுமாம். இதை ஆஸ்பத்திரியில் சொன்னார்களா என்று கேட்டேன்.

"யாரு சொன்னா? அத்தை அழுது அழுதுதான் நான் கத்துக்கிட்டேன்."

அன்றிலிருந்து அந்தப் பதில் என் காதிலேயே நிற்கிறது.

அப்புறம் ஒவ்வொன்றாக அவரிடம் கற்றேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். உடம்பை இழுக்கக் கூடாது. அடியில் நாலாக மடித்துப் போட்ட சேலையைப் பிடித்துத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் தோல் உரிந்துவிடும். இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே தலையணை. வெறும் தண்ணீர் கொடுத்தால் அம்மாவுக்குப் புரையேறும். கஞ்சி கொஞ்சம் கெட்டியாக இருந்தால் இறங்கும். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் வருடம் இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் வந்து, அது ஆறுவதற்கு நாலு மாதம் ஆன பிறகுதான் இதில் பாதி மனைவிக்கே தெரிந்ததாம். இரவு 12, 2, 4 மணிக்கு அவருடைய கைபேசியில் அலாரம். என் தூக்கம் கெடக் கூடாது என்று அதிர்வில் வைத்துத் தலையணைக்கு அடியில் போட்டுக்கொள்வாராம். ஐந்து வருடமாக ஒரே அறையில் படுத்திருந்தும் எனக்கு அது தெரியாது. பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் "அம்மா இளைச்சுட்டாங்களே" என்று சொல்லிவிட்டுப் போனபோது நானும் பேசாமல்தான் இருந்தேன்.

அம்மா பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். "அட்டெண்டர் யாரு?" என்று குரல் வரும்போதெல்லாம் எழுந்து ஓடியவர் மனைவிதான். மருந்து வாங்க, கையெழுத்துப் போட, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக அட்டெண்டர் வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது எந்த மாத்திரை எப்போது, மறுபடி எப்போது வர வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். அந்த அட்டெண்டரை உட்கார வைத்து, இனி நீங்கள் செய்யப்போகிற வேலை இது என்று பத்து நிமிடம் பேச ஆளில்லை.

மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் இருப்பவர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறார்கள், நாளுக்குச் சுமார் 140 நிமிடம். ஆண்களில் 21.4 சதவீதம் பேர், 74 நிமிடம். பிள்ளை வளர்ப்பும் சேர்ந்த கணக்கு இது. படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில் 140 நிமிடம் காலை பத்து மணிக்குள் முடிந்துவிடும்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நோயாளியின் கட்டிலுக்கே மாத்திரையையும் இயன்முறை சிகிச்சையையும் கொண்டுவந்திருக்கிறது. மிகவும் நல்ல திட்டம். அப்படி வீட்டுக்கு வருகிறவர்கள், பார்த்துக்கொள்பவரின் இரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்து, முதுகு வலி இருக்கிறதா என்று கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரையும் பராமரிப்பாளர் என்றே சொல்கிறது. சட்டத்தில் இடம் இருக்கிறது. கேரளத்தில் இவர்களுக்கு மாத உதவித்தொகைக்கென்று தனித் திட்டமே உண்டு.

பணத்தைவிட அவசரமாக வேண்டியது ஓய்வு. என்னிடம் ஈட்டிய விடுப்பு இருந்ததால் சமாளித்தேன். தினக்கூலிக்குப் போகிற வீட்டில் மருமகளுக்கு அறுவை சிகிச்சை என்றால் அதைத் தள்ளித்தான் போடுவார்கள். வட்ட அரசு மருத்துவமனைகளில் இப்படிப்பட்டவர்களுக்கென்று இரண்டு படுக்கை ஒதுக்கி, வருடத்துக்கு ஒரு வாரமாவது நோயாளியை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ள அரசு முன்வர வேண்டும்.

இன்னொன்றுக்குச் செலவே கிடையாது. வாதம் வந்தவரை வீட்டுக்கு அனுப்பும் முன், பார்த்துக்கொள்ளப் போகிறவர் செவிலியர் முன்னிலையில் தன் கையாலேயே ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, ஒருமுறை கஞ்சி கொடுத்துக் காட்ட வேண்டும் என்று எல்லா மருத்துவமனைகளும் விதி வைக்கட்டும். மகன் இருந்தால் அவனையும் பக்கத்தில் நிறுத்திச் செய்யச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி.