கரண்ட் போனாலும் கம்பியைத் தொடாதீர்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரி ஊராட்சி மக்களுக்கு ஒரு திறந்த மடல்

மாரண்டஹள்ளி, பாலக்கோடு, கம்பைநல்லூர், அஞ்செட்டி, தளி எனத் தோட்டமும் காடும் நம்பிப் பிழைக்கும் ஊர்களின் பெரியோர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

மாங்காய் பறிக்கிற நாளில்தான் நமக்குச் சூறைக்காற்றும் வருகிறது. புளியங்கிளையோ தென்னை மட்டையோ ஹெச்.டி. லைன் (உயர் அழுத்த மின்கம்பி) மேல் விழுந்து ஊர் இருட்டாகிறது. உடனே யாராவது ஒருவர், “அதான் கரண்ட் போயிடுச்சே” என்று கிளையை இழுக்கப் போகிறார். அல்லது வரப்பில் கிடக்கும் கம்பியைக் கழியால் தள்ளப் போகிறார். அவர் கையைப் பிடித்து நிறுத்தவே இதை எழுதுகிறேன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது என் வேலை. அங்கே சொல்வது ஊருக்கும் தெரிந்தாக வேண்டும்.

லைனில் கோளாறு வந்தால் சப் ஸ்டேஷனில் இருக்கும் பிரேக்கர் என்ற பெரிய சுவிட்ச் ட்ரிப் ஆகும், அதாவது தானே பிரிந்து கரண்டை நிறுத்தும். பல லைன்களில் அது அத்தோடு நிற்பதில்லை. தானே மறுபடி சேர்ந்து கரண்டை அனுப்பிப் பார்க்கும். இதே வேலைக்குக் கம்பத்திலேயே மாட்டி வைக்கிற ரீக்ளோசர் என்ற கருவியும் உண்டு. கரண்ட் ஒரு நொடிக்குள் திரும்பலாம், பல நொடி கழித்தும் திரும்பலாம். கோளாறு தீராவிட்டால் மறுபடி ட்ரிப் ஆகும், மறுபடி சேரும். இப்படி இரண்டு மூன்று தடவை பார்த்த பிறகுதான் ஒரேயடியாக நின்றுகொள்ளும். இந்தத் தானியங்கி வசதி இல்லாத ஃபீடரிலும் (சப் ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு வரும் லைன்) ஷிப்டில் இருக்கும் ஆபரேட்டர் சிறிது நேரம் பொறுத்து டெஸ்ட் சார்ஜ் போடுவார், அதாவது கரண்டை விட்டுப் பார்ப்பார்.

இதில் தவறே இல்லை. மின்னல் அடிக்கும்போது, கம்பியைக் கம்பத்திலிருந்து பிரித்து வைக்கும் பீங்கான் இன்சுலேட்டரைத் தாண்டிக் கம்பத்துக்குப் பாய்கிறது. மின்னல் இமைப்பொழுதில் முடிந்துவிடும். ஆனால் அது போன வழியில் காற்று கொதித்து, மின்சாரம் கடத்துகிற நிலைக்கு வந்திருக்கும். அந்த வழியாக லைனின் சொந்தக் கரண்டே தீப்பிழம்பாக எரிந்துகொண்டிருக்கும். லைனை நிறுத்தினால்தான் அது அணையும். அணைந்து ஒரு நொடிக்குள் காற்று பழையபடி ஆகிவிடும், கரண்டைத் திரும்ப விடலாம். அணிலோ பறவையோ பட்டாலும், கிளை உரசிவிட்டு விலகினாலும் இதே கதைதான். திறந்தவெளி லைன்களில் வரும் கோளாறுகளில் பத்துக்கு ஏழெட்டு இப்படித் தானாகத் தீர்ந்துவிடுபவை. மறுபடி சேர்க்கும் ஏற்பாடு இல்லையென்றால், ஒவ்வொரு மின்னலுக்கும் லைன்மேன் நள்ளிரவில் அஞ்செட்டிக் காட்டுக்குள் டார்ச் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். மண்ணுக்கடியில் போகும் கேபிளுக்கு இந்த வேலை ஒத்துவராது, அதில் ஏற்படும் பழுது தானாக ஆறாது. தலைக்கு மேலே கம்பி ஓடும் நம் ஊர்களுக்குத்தான் இது.

ஆனால் அந்தக் கருவிக்குக் கண் கிடையாது. கம்பி கம்பத்தில் இருக்கிறதா, உங்கள் கேழ்வரகுக் கொல்லையில் கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பது மட்டுமே தெரியும். கிணற்று மோட்டாரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரண்ட் வந்ததும் மோட்டார் ஓடும், யார் கை எங்கே இருக்கிறது என்று பார்க்காது.

நம் மண்ணால் இன்னொரு ஆபத்தும் உண்டு. காய்ந்த செம்மண்ணிலோ பாறையிலோ அறுந்து விழும் கம்பியிலிருந்து பூமிக்குள் மிகக் கொஞ்சம் கரண்ட்தான் இறங்கும். அதைக் கோளாறு என்று பிரேக்கர் கண்டுகொள்ளாமலே போகலாம். ஊரில் விளக்கு எரியும். கம்பி பொறியும் சத்தமும் இல்லாமல் 11,000 வோல்ட்டோடு கிடக்கும். மூன்று கம்பியில் ஒன்று மட்டும் அறுந்தால், மற்ற இரண்டின் கரண்ட் டிரான்ஸ்பார்மர் சுருள் வழியாகச் சுற்றி அறுந்த துண்டுக்கு வரும். கல்யாண மண்டப ஜெனரேட்டரை லைனிலிருந்து சரியாகப் பிரித்து வைக்காவிட்டால் அங்கிருந்தும் வரும்.

ஆகவே கீழே கிடக்கும் கம்பிக்குப் பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஏற்கெனவே பக்கத்தில் இருந்தால் ஓடாதீர்கள். காலோடு கால் ஒட்டியபடி சிறு சிறு அடியாக விலகுங்கள். மண்ணிலேயே மின்னழுத்தம் பரவியிருக்கும். இரண்டு கால் அகன்றால் அந்த வித்தியாசம் உடம்பு வழியாகப் பாயும். முன்காலும் பின்காலும் தள்ளித் தள்ளி இருப்பதால் மாடுகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அவிழ்த்துவரவும் உள்ளே போகாதீர்கள். பச்சையோ ஈரமோ காய்ந்ததோ, எந்தக் கழியும் காப்பாற்றாது. லைன் கிளியர் (லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கி, லைனைப் பிரிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, இரண்டு பக்கமும் கம்பியைப் பூமியோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டிய பிறகே லைன்மேனே கம்பியைத் தொட வேண்டும் என்பது விதி. அவருக்கே அப்படியென்றால் நமக்கு?

மின்வேலி போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. கரண்ட் இல்லாத நேரத்தில் அந்தக் கம்பியைச் சரிசெய்யப் போகும் உங்கள் மகனுக்கும் அதே கரண்ட் திரும்பி வரும். அதே மாதம் கம்பைநல்லூர் அருகே ஏரிக்கரை ஏறிய ஒரு யானை, தாழ்வாகப் போன லைன் பட்டு இறந்தது. தொங்கும் கம்பியைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் போகாதீர்கள்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்கிறேன். கரண்ட் போன அடுத்த நிமிடம் சப் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு “எப்போ போடுவீங்க?” என்று சத்தம் போடுகிறோம். கம்பி கிடப்பதைப் பார்த்தவரோ போன் செய்வதில்லை. முதலில் போக வேண்டிய போன் அவருடையதுதான். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987. ஊர், டிரான்ஸ்பார்மர் பெயர், கம்பி எங்கே கிடக்கிறது என்று சொன்னால் போதும். யாரும் டெஸ்ட் சார்ஜ் போடுவதற்கு முன் அந்தச் செய்தி சேர வேண்டும்.

மே 1 கிராம சபையில் இதைப் பேசுங்கள். உங்கள் ஊர் ஃபீடரின் பெயர் என்ன, அதில் தானாக மறுபடி சேரும் ஏற்பாடு இருக்கிறதா என்று பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரைக் கேட்டு, பதிலை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். லைனை உரசும் கிளையை வெட்ட ஆள் வந்தால், காய் போகிறதே என்று மறிக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மாவட்டத்து எலக்ட்ரீசியன் ஆசிரியர்