பழுது பார்ப்பவர் யார்? வெளிநாடுவாழ் செட்டிநாட்டுச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

சிங்கப்பூர், மலேசியா, துபாய், அமெரிக்கா என எங்கு வாழ்ந்தாலும் பிறந்த ஊரின் தண்ணீர்த் தேவையை மறவாத உங்கள் சங்கங்களுக்கு, காரைக்குடிக்கு அருகேயுள்ள ஓர் ஊரின் குடிநீர்ப் பணியில் ஈடுபட்டிருக்கும் நான் இம்மடலை எழுதுகிறேன். நம் ஊர்களோடு நில்லாமல் ஆப்பிரிக்கச் சிற்றூர்களுக்கும் குடிநீர்க் கருவிகள் வழங்க உங்களில் சிலர் எண்ணியிருப்பதாக அறிந்து மகிழ்ந்தேன். தொகையை ஒதுக்குமுன் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ள வேண்டுகிறேன்: அக்கருவி நின்றுபோகும் நாளில் அதைத் திறந்து சரிசெய்ய அந்த ஊரில் யாருக்குத் தெரியும், அதற்குரிய உதிரிபாகம் எந்தக் கடையில் கிடைக்கும்?

இதைக் கேளாமல் கொடுத்ததன் விளைவை உலகம் ஏற்கெனவே கண்டிருக்கிறது. குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடும் விசையால் நிலத்தடி நீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் 'ப்ளேபம்ப்' தென்னாப்பிரிக்காவில் உருவானது. 2006இல் அமெரிக்க அரசும் அறக்கட்டளைகளும் அதற்குப் பெருந்தொகை அறிவித்தன. ஒன்றின் விலை ஏறத்தாழ 14,000 டாலர். அந்தப் பணத்தில் நான்கு அடிபம்புகள் போட்டிருக்கலாம். சொல்லப்பட்டபடி 2,500 பேருக்குத் தண்ணீர் தர வேண்டுமானால் குழந்தைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009இல் கார்டியன் நாளிதழ் கணக்கிட்டுக் காட்டியது. குழந்தைகள் இல்லாத வேளைகளில் பெண்களே அந்தக் கனத்த சக்கரத்தைத் தள்ள நேர்ந்தது; பழுதானால் ஊரார் கைவைக்கவும் வழியில்லை. சில ஊர்களில், ஓடிக்கொண்டிருந்த அடிபம்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே இதை நிறுவினார்கள் என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

நம் மாநிலத்தின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. 1970களில் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் இருந்த அடிபம்புகளில் நான்கில் மூன்று பங்கு வேலை செய்யவில்லை என்று யுனிசெஃப் கண்டறிந்தது. ஒரு வீட்டுக்குப் போதுமான வார்ப்பிரும்புப் பம்பை ஊரே நாள் முழுதும் அடித்தால் வேறென்ன ஆகும்? பின்னர் சோலாப்பூரில் உருவான எஃகுப் பம்பை அடிப்படையாகக் கொண்டு, கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் சோதித்து, சென்னைத் தொழிற்சாலையில் தயாரித்த 'இந்தியா மார்க் 2' நாடெங்கும் பரவி ஆப்பிரிக்காவுக்கும் சென்றது. காப்புரிமைக் கட்டு இல்லாததால் பலரும் அதைச் செய்ய முடிந்தது. அதிலும் ஒரு குறை இருந்தது: தேய்ந்த வாஷரை மாற்றக்கூடக் குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும், அதற்கு வண்டியும் ஆட்களும் வர வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கவே குழாயை அகலமாக்கி, குழாயை அசைக்காமல் பிஸ்டனை மட்டும் மேலே எடுக்கும்படி 'மார்க் 3' வந்தது. மலாவியிலும் கென்யாவிலும் உருப்பெற்ற 'ஆஃப்ரிதேவ்' பம்பைக் கழற்றிப் பூட்ட ஏறக்குறைய ஒரே ஸ்பேனர் போதும். வல்லுநர்கள் ஊராரின் கைத்திறனை அளவுகோலாக வைத்து வடிவமைத்ததன் பயன் இது.

எங்கள் ஊருக்கும் ஒரு நன்கொடையாளர் ஆர்.ஓ. சுத்திகரிப்பு நிலையம் கட்டித் தந்தார். நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பிரேன் உப்பேறி அடைத்ததும் அது நின்றது; புதிது வாங்கும் செலவுக்கு எவரும் பொறுப்பேற்கவில்லை. ஓடிய காலத்திலும், உறிஞ்சிய நீரில் பெரும்பகுதி உப்புக் கழிவாகச் சாக்கடைக்கே போனது. அதே ஊரில் உங்கள் முன்னோர் வெட்டிய ஊருணியோ, வரத்துக்கால் அடைபட்டு மழைநீர் வந்து சேராமல் கிடக்கிறது. தூர்வாரவும், வரத்துக்காலைத் திறக்கவும், கரையைப் பலப்படுத்தவும் தேவையான மண்வேலை எங்கள் ஊராருக்குத் தெரிந்த வேலை. உப்பு மிகுந்த ஊர்களில் ஆர்.ஓ. தேவைப்படலாம், அங்கும் மெம்பிரேனுக்கும் மின்கட்டணத்துக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்.

ஆகவே உங்கள் சங்கங்கள் எந்த ஊருக்குக் கொடுத்தாலும், நன்கொடையில் ஒரு பகுதியைப் பல ஆண்டுகளுக்கான உதிரிபாகங்களுக்கும், அவ்வூர்ப் பெண்கள் உட்பட இருவருக்கேனும் பழுதுபார்க்கும் பயிற்சி அளிப்பதற்கும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். திறப்பு விழாவுக்கு முன்பாக, அந்த இருவரும் உங்கள் பிரதிநிதியின் முன்னிலையில் கருவியை ஒருமுறை முழுவதும் கழற்றிப் பூட்டிக் காட்டட்டும். அதன் பிறகே மீதித் தொகையை விடுவியுங்கள்.

இப்படிக்கு,
ஊர்க் குடிநீர்க் குழு உறுப்பினர் ஒருவர்