தலையில்லாத ஷீட்ட கொண்டு வராதீங்க: தோட்டத்து ஒபிஸ்ல எக்ஸெல் அடிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் தம்பிமாரே, தங்கச்சிமாரே,

நான் அட்டன் பக்கத்துல ஒரு சின்ன கொமினிகேஷன் வெச்சிருக்கேன். பொட்டோ கொப்பி, பிரின்ட், ரீலோட், லெமினேட்டிங்னு ஓடுது. உங்கள்ல பாதிப்பேர் மொகம் எனக்குப் பழக்கம், ஒபிஸ் பிரின்டர்ல டோனர் முடிஞ்சா பென்டிரைவ தூக்கிக்கிட்டு எங்கிட்டதான ஓடி வாறீங்க, வாங்க, அதுலதான் எனக்கும் பொழப்பு. ஆனா ஒவ்வொரு பக்கத்துலயும் தலைப்பு இல்லாம நீங்க கொண்டு வர்ற தேயிலைத் தோட்டத்து ஷீட்ட பத்தி ஒரு விஷயம் ரொம்ப நாளா மனசுல கெடக்கு, கடையில கூட்டத்துக்கு நடுவுல சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு இங்க எழுதுறேன்.

போன ஆடி மாசம் ஒரு தம்பி வந்தாரு, எந்தத் தோட்டம்னு சொல்ல மாட்டேன். மேல்கணக்கு, கீழ்கணக்கு ரெண்டு டிவிஷனோட சம்பள ஷீட். மேல்கணக்கு 9 பக்கம், கீழ்கணக்கு 7 பக்கம். பிரின்ட் எடுத்து கண்ணாடிப் பெட்டி மேல வெச்சேன், அந்த நேரம் பாத்து ஒரு ஸ்கூல் பிள்ளை கதவ தொறந்துச்சு, நம்ம ஊரு ஆடிக் காத்து தெரியும்தான, பதினாறு பக்கமும் தரையில. பொறுக்கி எடுத்துப் பாத்தா எந்தப் பக்கத்துலயும் பக்க நம்பர் இல்ல, தோட்டத்துப் பேர் இல்ல, டிவிஷன் இல்ல, மாசம் இல்ல. ரெண்டு மொதல் பக்கத்துக்குத்தான் தலை, அதாவது கொலத்துக்கு மேல எழுதுற தலைப்பு இருக்கு, மிச்சம் பதினாலும் முண்டம். சரி செக்ரோல் நம்பர, அதாவது பேர்ப் பதிவுல ஒவ்வொரு தொழிலாளிக்கும் இருக்குற நம்பர வெச்சு அடுக்குவோம்னு பாத்தா ரெண்டு டிவிஷன்லயும் நம்பர் ஒன்னுல இருந்துதான் தொடங்குது, 121ல தொடங்குற பக்கமே ரெண்டு இருக்கு. பேர வெச்சு பாப்போம்னா ராமாயி அங்கயும் இருக்கா, இங்கயும் இருக்கா. கடைசியா அவரு பெரிய கிளாக்கருக்கு போன் போட்டு, ஒவ்வொரு பேரா வாசிச்சு, திட்டும் வாங்கி, அடுக்கி முடிக்க ஒன்றரை மணித்தியாலம். மறுபடி எல்லாத்தையும் பிரின்ட் எடுங்கன்னு சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை, நம்ம ரெண்டு பேர் மூளையும் அப்ப வேல செய்யல, அது வேற கதை.

அதவிட எனக்கு உறுத்துறது இன்னொன்னு. ஒரு அம்மா, கொழுந்தெடுக்குறவங்க, தலைவர்கிட்ட கேட்டு வாங்கின ஒத்தப் பக்கத்து கொப்பி ஒன்ன கொண்டு வந்து "தம்பி இதுல எது எனக்கு ஈபிஎப் புடிச்ச காசு, பாத்துச் சொல்லுங்க"ன்னு நீட்டினாங்க. ஈபிஎப்னா சம்பளத்துல புடிச்சு சேக்குற ஊழியர் சேமலாப நிதி. நடுப்பக்கம். பேர் இருக்கு, பேருக்கு நேரா பன்னெண்டு நம்பர் இருக்கு, எந்த நம்பர் என்னன்னு ஒரு எழுத்து இல்ல. நாள் சம்பளம் 1,350 இருந்த நேரம், அவங்களுக்கு 20 பேர் விழுந்திருக்கு, தோட்டத்துல பேர்னா ஒரு நாள் வேலை, அப்ப 27,000. கல்குலேட்டர எடுத்து 8 வீதம் போட்டேன், 2,160. அந்த நம்பர் ஷீட்ல இருந்துச்சு, அப்ப அதுதான் அவங்ககிட்ட புடிச்சது. 12 வீதம் 3,240, அது கம்பனி போடுறது. 3 வீதம் 810, அது ஈடிஎப், ஊழியர் நம்பிக்கை நிதி, அதுவும் கம்பனி போடுறதுதான். மூனையும் இப்படித் தேடிப் புடிச்சாச்சு. மிச்சத்துல ஒரு 1,500 இருந்துச்சு, அது தீபாவளி அட்வான்ஸா, கோயில் காசா, வேற கழிவான்னு எனக்கும் தெரியல அவங்களுக்கும் தெரியல. மொதல் பக்கத்துல எழுதியிருக்கும்மான்னு சொன்னேன். "மொதல் பக்கம் யாருகிட்டப்பா இருக்கு"ன்னாங்க.

பழைய செக்ரோல் புத்தகத்த பாத்திருப்பீங்க, நீட்டுப் புத்தகம், எந்தப் பக்கத்த பொரட்டினாலும் மேல கட்டம் கட்டமா தலைப்பு அச்சடிச்சே வந்திடும். கணக்கப்பிள்ளை அதப்பத்தி யோசிக்கவே தேவையில்ல. எக்ஸெல்ல அது தானா வராது, நாமதான் சொல்லணும். சொல்லுறதுக்கு ரெண்டு நிமிஷம் போதும்.

உங்கள்ல நெறையப் பேர் சொல்லுற பதில் "அண்ணே நான் ஃப்ரீஸ் போட்டிருக்கேனே". ஃப்ரீஸ் பேன்ஸ் ஸ்கிரீனுக்கு மட்டுந்தான் தம்பி, கீழ உருட்டும்போது மேல வரி நிக்கும், பேப்பருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. கூகிள் ஷீட்ஸ்ல ஃப்ரீஸ் பண்ணின வரி பிரின்ட்லயும் ஒவ்வொரு பக்கத்துலயும் வரும், அங்க பழகினவங்கதான் எக்ஸெல்ல வந்து ஏமாறுறாங்க. எக்ஸெல்ல பேஜ் லேஅவுட்டுக்குப் போய் பிரின்ட் டைட்டில்ஸ அமத்துங்க, ரோஸ் டு ரிபீட் அட் டொப்னு ஒரு பெட்டி இருக்கும், அதுக்குள்ள கிளிக் பண்ணிட்டு தலைப்பு வரிய தொட்டா $1:$1னு விழும், மூனு வரி தலைப்புன்னா $1:$3. அவ்வளவுதான். ஒரு எடத்துல மட்டும் கவனம், பிரின்ட் எடுக்கப் போற எடத்துல கீழ பேஜ் செட்டப்னு ஒன்னு காட்டும், அது வழியா உள்ள போனா இந்தப் பெட்டி மங்கிப்போய் கெடக்கும், டைப் பண்ண விடாது. கொம்பியூட்டர் பழுதுன்னு நெனைக்காதீங்க, வெளிய வந்து பேஜ் லேஅவுட் வழியா போங்க.

அடுத்தது ஹெடர் ஃபுட்டர், ஒவ்வொரு பக்கத்துலயும் மேலயும் கீழயும் தானா விழுற வரி. பேஜ் செட்டப்ல கஸ்டம் ஹெடர அமத்தினா இடது, நடு, வலதுன்னு மூனு பெட்டி வரும். நடுவுல தோட்டத்துப் பேர கையால அடிங்க. மாசத்த மட்டும் கையால அடிக்காதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். ஏன்னா நீங்க எல்லாரும் ஜனவரி ஷீட்ட கொப்பி பண்ணித்தான் பெப்ரவரி ஷீட் செய்றீங்க, அப்ப ஹெடரும் கூடவே வந்திடும், சாதாரணமா ஷீட்ட பாக்கும்போது ஹெடர் கண்ணுக்கே தெரியாது, அதனால உள்ள பெப்ரவரி கணக்கு இருக்கும் மேல ஜனவரின்னு இருக்கும், கையெழுத்து வெச்சு அனுப்பினதுக்குப் பொறகுதான் யாராச்சும் கண்டுபுடிப்பாங்க. ஹெடருக்குள்ள ஃபோர்மியுலாவும் போட ஏலாது, இந்த செல்ல இருக்குறத காட்டுன்னு சொன்னா கேக்காது. அதுக்கு ஒரு சின்ன வேலை: கீழ ஷீட் பேர் இருக்குற டெப்ல 'பெப்ரவரி 2025 மேல்கணக்கு'ன்னு பேர் வெச்சிட்டு, ஹெடர்ல ஷீட் நேம் பட்டன அமத்தி விடுங்க, டெப்ல என்ன பேரோ அதுவே பேப்பர்ல வரும். டெப்புக்கு 31 எழுத்துதான் எடம், சாய்கோடும் போட விடாது, 02/2025னு எழுதப் பாத்து சண்டை புடிக்காதீங்க.

திகதி பட்டன் இன்னொரு பொறி. அது கணக்கோட திகதி இல்ல, பிரின்ட் எடுக்குற நாளோட திகதி. இன்னைக்கு எடுத்தா இன்னைக்கு, அடுத்த வருஷம் எடுத்தா அடுத்த வருஷம். எப்ப எடுத்த கொப்பின்னு தெரிய ஃபுட்டர்ல ஓரமா இருந்துட்டுப் போகட்டும், மேல கொண்டு வந்து மாசத்துக்குப் பக்கத்துல வெச்சீங்கன்னா பாக்குறவங்க அத சம்பள நாள்னு நெனைப்பாங்க.

பக்க நம்பர் போடுறப்ப மொத்தப் பக்கத்தையும் சேத்துப் போடுங்க, 3 / 9னு. வெறும் 3னு இருந்தா கடைசிப் பக்கம் தொலைஞ்சு போனது யாருக்கும் தெரியாது.

பன்னெண்டு மாச ஷீட்டுக்கும் தனித்தனியா இத செய்ய வேணாம், கன்ட்ரோல அமத்திக்கிட்டு டெப் எல்லாத்தையும் தொட்டு ஒன்னாக்கிட்டு ஒரு தடவ ஹெடர் போட்டா எல்லாத்துக்கும் விழும். பிரின்ட் டைட்டில்ஸ் அப்ப வேல செய்யாது, அது ஷீட் ஷீட்டாத்தான். முடிஞ்சதும் மறக்காம கூட்டத்த கலைச்சு விடுங்க, இல்லாட்டி ஒரு ஷீட்ல அடிக்கிற நம்பர் பன்னெண்டுலயும் போய் ஒக்காந்திடும். எனக்கு நடந்திருக்கு, என் சொந்தக் கடக் கணக்குல.

சுருக்குற விஷயத்துலயும் கொஞ்சம் பாருங்க. எல்லாத்தையும் ஒரே பக்கத்துக்குள்ள அடைன்னு குடுக்குறீங்க, முன்னூறு பேர் எறும்பு வரிசையா வருது, பூதக்கண்ணாடி எங்க கடையில இல்ல. பேஜ் செட்டப்ல ஃபிட் டுன்னு இருக்குற எடத்துல அகலத்துக்கு 1 போட்டுட்டு நீளத்துப் பெட்டிய வெறுமையா விடுங்க, கொலம் எல்லாம் ஒரு பக்கத்துக்குள்ள நிக்கும், வரி அது பாட்டுக்கு அடுத்த பக்கத்துக்குப் போகும். ஸ்கேல் வித் டொகியுமன்ட்னு ஒரு சரி அடையாளம் இருக்கு, அத எடுத்து விடுங்க, இல்லாட்டி ஷீட் சுருங்கும்போது ஹெடரும் சுருங்கும், 12 சைஸ்ல போட்ட தலைப்பு 45 வீதத்துக்குப் போனா அஞ்சரை சைஸ்கூட தேறாது. ஹெடர்ல மூனு நாலு வரி, சின்னம்னு அடைச்சா அட்டவணை மேல ஏறிக்கிட்டு நிக்கும், மேல் மார்ஜின கூட்டுங்க.

பேப்பர் சைஸ் லெட்டர்ல கெடக்குற லெப்டொப் இன்னும் நெறைய வருது. நாம போடுறது ஏ4. லெட்டர் 6 மில்லிமீட்டர் அகலம் கூட, அந்த ஆறுக்காக கடைசிக் கொலம் மட்டும் தனியா இன்னொரு பக்கத்துல வந்து விழும், அதுக்கும் காசு நீங்கதான் குடுக்கணும். 2022ல பேப்பர் இல்லாம மேல் மாகாணத்துல ஸ்கூல் பரீட்சையவே தள்ளிப் போட்டாங்க, அந்த வருஷத்துக்குப் பொறகு ஒரு தாள் வீணாப் போனா எனக்கு வயிறு எரியுது.

கோயில் கமிட்டிக்காரங்களுக்கும் ஒன்னு, நீங்களும் எங்கிட்டதான வாறீங்க. 'வரவு & செலவு'ன்னு ஹெடர்ல அடிச்சா அந்த & காணாமப் போகும், எக்ஸெல் அத தன்னோட கட்டளைன்னு நெனச்சு முழுங்கிடும். ரெண்டு தடவ && அடிங்க, ஒன்னு வரும். இல்லாட்டி 'வரவும் செலவும்'னு நல்ல தமிழ்ல எழுதுங்க.

பெரிய கிளாக்கர்மாருக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பிள்ளைகள ஏசுறதுக்கு மொதல்ல, ஹெடர் எல்லாம் போட்டு வெறும் ஷீட் ஒன்ன செஞ்சு எல்லாருக்கும் குடுத்திடுங்க ஐயா, ஒரு தடவ செஞ்சா வருஷக் கணக்கா ஓடும். சிஎஸ்வியா மட்டும் சேவ் பண்ணி அனுப்பாதீங்க, அது வெறும் எழுத்தும் நம்பரும் மட்டும் நிக்கிற ஃபைல், அதுல ஹெடர் நிக்காது.

செவ்வாக்கெழம பின்னேரம் கடையில கூட்டம் கொறவு. வர ஏலுமானவங்க வாங்க, ஒக்காந்து உங்க ஷீட்டுலயே போட்டுக் காட்டுறேன், அதுக்கு காசு வேணாம், பிரின்டுக்கு மட்டும் குடுத்தா போதும். தலைப்ப பாமினியில அடிச்சிருந்தா அந்த ஃபொன்டயும் பென்டிரைவ்ல போட்டுக் கொண்டு வாங்க, போன மாசம்தான் கொம்பியூட்டர ஃபோர்மட் அடிச்சேன், இப்ப எங்கிட்ட பாமினி இல்ல.