வெல்லத்துக்கு எதற்குப் பொன்மஞ்சள் நிறம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வெள்ளைச் சர்க்கரையையும் ரீஃபைண்ட் எண்ணெயையும் விட்டுவிட்டு வெல்லத்துக்கும் செக்கெண்ணெய்க்கும் மாறச் சொல்லும் உங்கள் கட்டுரையைப் படித்தேன். மாறலாம், தப்பில்லை. ஆனால் கடைக்குப் போய் எதைப் பார்த்து வாங்குவது என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. சிக்கலே அங்கேதான்.

எங்கள் கோபி, கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பு ஆலைக்கொட்டகைகள் நிறைய உண்டு. கொப்பரையில் கரும்புப்பால் கொதிக்கும்போது மேலே அழுக்குத் திரளும். சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு, சிலர் வெண்டைத் தண்டை நசுக்கிய சாற்றையும் ஊற்றி, அந்த அழுக்கை அள்ளிக் கொட்டுவார்கள். அப்படிக் காய்ச்சி இறக்கும் வெல்லம் பழுப்பாகத்தான் இருக்கும். சில நிலத்துக் கரும்புக்குக் கறுப்பாகவே வரும், உப்புத் தண்ணீர் பாய்ந்த நிலமென்றால் லேசாகக் கரிக்கவும் செய்யும். அதைக் கடையில் வைத்தால் யார் தொடுகிறோம்? "கறுத்துக் கிடக்குதே, பழசுங்களா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் பளபளக்கும் அச்சு வெல்லத்தை எடுக்கிறோம். அந்தப் பளபளப்புக்காகத்தான் ஹைட்ரோஸ் என்கிற வெளுப்பு மருந்தைப் (சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்) போடுகிறார்கள். சாயப்பட்டறையில் துணிச் சாயத்தை வெளுக்கவும் இதே சரக்குதான். அதிலிருந்து வெல்லத்தில் தங்கும் கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 70 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. மளிகைக் கடையில் சில்லறையாக நிறுத்துத் தரும் வெல்லத்தில் அதை யார் அளந்து பார்ப்பது?

இன்னொரு கூத்தும் உண்டு. பொங்கல் நெருங்கினால் போதும், சேலம் ஓமலூர் பக்கத்து வெல்ல ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் வெள்ளைச் சர்க்கரை மூட்டைகளைப் பிடித்ததாகச் செய்தி வரும். வேண்டாம் என்று நாம் ஒதுக்கிய அதே சர்க்கரை, கரும்புப்பாலில் கரைந்து, கூடுதல் விலைக்கு நம் வீட்டுக்கே வருகிறது.

கருப்பட்டியும் இந்தக் கலப்படத்துக்குத் தப்பவில்லை. எட்டு, பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால்தான் ஒரு கிலோ தேறும். அதுவும் பனையேற ஆள் கிடைத்தால். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல செய்திதான். ஆனாலும் மலிவாகக் கிடைக்கும் கருப்பட்டியை நான் நம்புவதில்லை.

எண்ணெய்க்கு ஒரு கணக்குப் போதும். ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்டினால் ஒரு லிட்டர் வரும். அன்றைய பருப்பு விலையைக் கேட்டு, பிண்ணாக்குக் காசைக் கழித்துப் பாருங்கள். அதற்கும் கீழே ஒருவர் 'மரச்செக்கு' என்று விற்றால், மீதிக்கு பாட்டிலில் என்ன இருக்கிறதோ! எள் ஆட்டப் போனால், அதோடு சேர்த்து ஆட்டும் கருப்பட்டியை நாமே கொண்டுபோவது நல்லது. சில இடங்களில் அதற்குப் பதிலாகச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை ஊற்றிவிடுகிறார்கள்.

சர்க்கரை நோயாளிகளும் வெல்லத்தைத் தாராளமாகச் சேர்க்கலாம் என்ற தொனி கட்டுரையில் தெரிகிறது. தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். வெல்லத்திலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான்.

பழநி பஞ்சாமிர்தத்துக்குத் தேவஸ்தானம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நாட்டுச் சர்க்கரை வாங்குகிறது. ஏல நாளில் உங்கள் நிருபரை ஒருமுறை அனுப்புங்கள். எந்த மூட்டைக்கு விலை ஏறுகிறது, எது தேங்குகிறது, ஏன் என்று விவசாயிகளிடமே கேட்டு எழுதலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்.