கல்லீரல் இரும்பு: ரிப்போர்ட்டில் எண் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்காக அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் நோயாளிகளின் கல்லீரலில் சேரும் இரும்பை, பயாப்ஸி (திசுவை எடுத்துச் சோதிப்பது) இல்லாமல் எம்.ஆர்.ஐ.யிலேயே அளந்துவிடலாம் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. உண்மைதான். ஆனால் ஸ்கேனர் இரும்பை நேராக அளப்பதில்லை. சிக்னல் எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதைத்தான் அளக்கிறது. அந்த வேகம்தான் ஆர்2 ஸ்டார். அதை மில்லிகிராமாக மாற்றுவது, பயாப்ஸி முடிவுகளோடு ஒப்பிட்டு உருவாக்கிய ஒரு சமன்பாடு.

1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) ஸ்கேனருக்கென 2005-இல் வெளியான, இன்றும் புழக்கத்தில் உள்ள சமன்பாட்டின்படி, ஆர்2 ஸ்டாரை 0.0254-ஆல் பெருக்கி 0.2 கூட்ட வேண்டும். விநாடிக்கு 200 என்றால், உலர் எடையில், அதாவது நீர் நீக்கிய திசுவில், கிராமுக்கு 5.3 மி.கி. இரும்பு. அதே கல்லீரல் 3 டெஸ்லாவில் ஏறக்குறைய 400 காட்டும். அங்கும் இதே சமன்பாட்டைப் போட்டால் 10.4 வந்துவிடும். 7-ஐத் தாண்டினாலே இரும்பு நீக்கும் மருந்தைக் கூட்டுவது பற்றி மருத்துவர் யோசிப்பார். சின்னப் பிழை அல்ல இது.

இதைவிட ஆபத்தானது, இரும்பைக் குறைத்துக் காட்டும் பிழை. கிராமுக்கு 30 மி.கி. அளவுக்கு இரும்பு சேர்ந்த கல்லீரலில், 2 மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு சிக்னல்கூட மிஞ்சாது. சிக்னலை அடுத்தடுத்துப் பதிவு செய்யும் ஒவ்வொரு தருணமும் ஓர் எக்கோ; முதல் எக்கோவையே அந்த 2 மில்லி விநாடியில் வைத்தால் அடுத்தடுத்த எக்கோக்களில் பதிவாவது வெறும் இரைச்சல். இரைச்சல் மங்குவதில்லை. வளைகோடு தட்டையாகிவிட, மென்பொருள் அதை மெதுவான சரிவு என்று கணக்கிட்டுவிடும். இரும்பு மிக அதிகமாக உள்ளவருக்குத்தான் இப்படித் தப்பாகக் குறைந்து வருகிறது என்பதுதான் கவலை. முதல் எக்கோ 1 மில்லி விநாடியை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். எக்கோக்களுக்கு இடையிலான இடைவெளியும் அப்படியே. இரைச்சலில் மூழ்கிய எக்கோக்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கல்லீரலில் கொழுப்பும் இருந்தால் சிக்னல் ஏறி இறங்கும். அதைப் பிரித்துக் கணக்கிட வேண்டும்.

மாங்கனீசு குளோரைடு கரைசல் நிரப்பிய குப்பிகளை அவ்வப்போது ஸ்கேன் செய்தால், கருவியின் அளவீடு மாறாமல் இருக்கிறதா என்று தெரியும். மில்லிகிராம் சமன்பாட்டை அதிலிருந்து பெற முடியாது. திசுவில் இரும்பு சீராகக் கரைந்திருப்பதில்லை, திட்டுத்திட்டாகக் குவிந்திருக்கிறது.

எனவே ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் காந்தப்புல வலிமை, முதல் எக்கோ நேரம், ஆர்2 ஸ்டார் மதிப்பு, பயன்படுத்திய சமன்பாடு, உலர் எடையா ஈர எடையா என்ற குறிப்பு ஆகியவை அச்சாக வேண்டும். நீரோடு சேர்ந்த திசுவின் எடையான ஈர எடையில் அதே இரும்பு மூன்று நான்கு மடங்கு குறைவாகத் தெரியும்; முந்தைய ரிப்போர்ட் உலர் எடையில் இருந்தால், மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று குடும்பமே நம்பிவிடும்.

இப்படிக்கு,
மருத்துவ இயற்பியலாளர்கள், எம்.ஆர்.ஐ. பிரிவு